ஜூலையில் எடுத்த மலை

நியூசிலாந்தின் பாபகூராவில் விக்னேஸ்வரியின் வீட்டுக்குள் நுழைகிற எவரும் முதலில் அந்தப் படத்தைப் பார்த்து வாயைப் பிளந்தாக வேண்டும். சுவிஸ் மலைக்கிராமம். பச்சைச் சரிவு, மர வீடுகள், மேலே வெள்ளைச் சிகரம், கண் கூசும் வெயில். சாமிப் படத்தைவிட ஒரு சாண் பெரிது. அதை எடுத்தவர் அவளுடைய அண்ணன் நரேந்திரன். அந்த ஊர் ஹோட்டல் குசினியில் முப்பது வருடம் கோப்பை கழுவி, ஓய்வு பெற்று, தங்கையைப் பார்க்க வந்திருந்தார்.

வந்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லை. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அன்று பக்கத்து ஊரான பிளாட் புஷ்ஷிலிருந்து தங்கையின் சிநேகிதி சீதாதேவி குடும்பத்தோடு சாப்பிட வந்தாள். "இப்பிடி ஒரு இடத்தில இருக்கக் குடுத்து வைக்க வேணும்," என்றாள் சீதாதேவி. நரேந்திரன் பல்லைக் காட்டினார். அங்கே யாரோடு கதைக்கிறீர்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? மலை அல்லவா தெரிகிறது, மனிதனா தெரிகிறான்!

அவர்கள் போனதும் தங்கையிடம் கேட்டேவிட்டார். "நான் இஞ்சயே இருக்கட்டே பிள்ளை? விசாவுக்கு வழி பாப்பம். பக்கத்தில ஒரு அறை வாடகைக்கு எடுக்கிறன்."

"உங்களுக்கென்ன விசரே அண்ணா? சொர்க்கத்தை விட்டிட்டு ஆரும் பாபகூராவுக்கு வருவினமே? அடுத்த வருசம் நாங்கள் எல்லாரும் அங்க வாறம் எண்டு கோயில்லயும் சொல்லிப்போட்டன்."

"கார்த்திகையில மலைக்குப் பின்னால போற வெயில் மாசியிலதான் திரும்பி வரும். பகலிலயும் லைட்டைப் போட்டிட்டு இருக்கிறன். போன வருசம் காய்ச்சலில கிடந்தன். கதவைத் தட்ட ஒரு சீவன் இல்லை."

"சும்மா கதையாதேங்கோ. மார்கழியில நீங்கள் அனுப்பின படத்தைப் பாருங்கோ." போனை நீட்டினாள். மார்கழி, தை, மாசி. எல்லாவற்றிலும் பச்சை, எல்லாவற்றிலும் வெயில்.

எல்லாம் ஜூலையில் எடுத்தவை. நூற்றுக்கணக்கில் எடுத்து வைத்து, ஞாயிறுக்கு ஒன்றாக அனுப்பி வந்தார். முதலில் அம்மா கவலைப்படக் கூடாது என்று. அம்மா போன பிறகும் அது நிற்கவில்லை. வெளிநாட்டில் இருக்கிறவன் கஷ்டத்தைப் படம் எடுத்தா அனுப்புவான்? தங்கைக்கும் சந்தேகம் வரவில்லை. மார்கழியில் பாபகூராவில் கோடை வெயில்தானே.

நரேந்திரன் தன் போனை எடுத்து ஒரே ஒரு குளிர்காலப் படம் தேடினார். இருட்டிய சன்னல், பூட்டிய ஹோட்டல், ஏதாவது ஒன்று. விரல் வலிக்கும்வரை தள்ளிப் பார்த்தார். புல்தான் வந்தது.

"பாத்தீங்களே!" என்று விக்னேஸ்வரி அன்போடுதான் சிரித்தாள். சுவரைக் காட்டினாள். "இந்தப் படமும் மங்கிப்போச்சு அண்ணா. போனவுடன புதுசா ஒண்டு எடுத்து அனுப்புங்கோ."

"ஓம்," என்றார் நரேந்திரன். "ஜூலை வரட்டும்."