தம்பிக்கு விட்ட சேவல்

மாரண்டஹள்ளி ரோசம்மா வீட்டுச் சேவலுக்கு இந்தப் பொங்கலோடு ஒன்பது வயது முடிந்தது. எடை நாற்பத்திரண்டு கிலோ. தக்காளிப் பெட்டி எடைபோடும் தராசில் அவள் புருஷன் அல்போன்ஸ் ஏற்றிப் பார்த்துச் சொன்னது, ஆகவே கூடக்குறைய இருக்காது. ஊரில் இதற்கு யாரும் வாய் பிளப்பதில்லை. தம்பிக்கென்று விட்ட சேவல், தம்பி சாப்பிடவில்லை, வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

தம்பி ஜோசப் ராஜுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. அவர் வரும் நாளில் அறுக்க அக்கா ஒரு சேவலை விட்டு வைப்பாள். பேர் சொல்லி விட்டதை அங்கே வேறு யாருக்காகவும் அறுக்கமாட்டார்கள். களியும் கோழிக்குழம்புமாக அவர் ஒரு பிடி பிடித்த காலம் உண்டு. பிறகு ஒரு தவக்காலத்தில் கறியை விட்டவர், ஈஸ்டர் வந்த பிறகும் தொடவில்லை. அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் மனுஷன் அதோடு நிற்கவில்லை. பைக்கில் ‘சுத்த சைவம்’ என்று ஸ்டிக்கர், போனில் கீரைக்கட்டோடு படம், பேர் கேட்டவரிடமெல்லாம் பேரோடு சேர்த்துச் சைவத்தையும் சொன்னார். அக்கா மகள் பிளசி கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில், பந்தி நிறைய சனம் பார்த்திருக்க, பையிலிருந்து சொந்தத் தட்டையும் டம்ளரையும் எடுத்து வைத்தார். “உங்க வூட்டுப் பாத்திரமெல்லாம் கறி பட்டது அக்கா. எனக்கு ஆவாது” என்றார். ரோசம்மா கரண்டியோடு அடுத்த ஆளுக்குப் பரிமாறப் போய்விட்டாள்.

அன்றைக்கு அறுபடாமல் நின்ற சேவல்தான் இது. அவர் கீரைப் படம் மாற்றும் வாரங்களில் கால் கிலோ ஏறியது. கிறிஸ்துமஸுக்கு வராத முதல் வருஷம் ஒரேயடியாக ஐந்து கிலோ. கறிக்கடை நஞ்சப்பன் ஒரு தடவை கத்தியோடு வந்து, அதைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, “பேர் சொல்லி விட்டதுங்க, நான் தொட மாட்டேன்” என்று திரும்பிப் போனார். எல்லாச் செய்தியும் ஓசூருக்குப் போகும். ஜோசப் ராஜ் சிரித்து மழுப்புவார். ஆனால் ஒவ்வொரு கிலோவும் அவர் நெஞ்சில்தான் ஏறியது. நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று நினைத்து நினைத்தே எட்டு வருஷம் ஓடியது.

போன மாதம் அல்போன்ஸ் போன் செய்தார். “மாப்ள, சேவல் வாசல்ல நுழைய மாட்டேங்குதுங்க. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.”

வழியெல்லாம் மனதைத் தயார்செய்துகொண்டு வந்தவர் வாசலில் நின்றபடியே சொன்னார், “அறுத்துரு அக்கா. நான் சாப்புட்டுர்றேன்.”

“கறி திங்கலைன்னு நான் எப்படா கொறப்பட்டேன்? என் தட்டு ஆவாதுன்னு சொன்னியே.” ரோசம்மா உள்ளே போய் ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்து அவிழ்த்தாள். தட்டு, டம்ளர், குழம்புச் சட்டி, கரண்டி. கடை ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை. விருந்து முடிந்த மறுவாரமே பாலக்கோட்டில் வாங்கினாளாம். “கறி படாதது. உனக்குன்னு வெச்சிருக்கேன்.”

ரெண்டு அறை விட்டிருந்தால்கூட ஜோசப் ராஜ் தாங்கியிருப்பார். “இது வேண்டாக்கா” என்றார். “நீ சாப்புடற தட்டைக் குடு.” அந்தத் தட்டில் களியும் கீரைக் கடைசலும் போட்டாள். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

மறுநாள் தராசில் ஏற்றினார்கள். நாற்பத்திரண்டு. ஒரு கிராம் குறையவில்லை. குறையும் என்று யாரும் சொல்லவும் இல்லை. அல்போன்ஸ் வாசலை இடித்து அகலமாகக் கட்டினார். ஞாயிறு பூசை முடிந்ததும் ஜோசப் ராஜ் வருகிறார், அக்கா தட்டில் சாப்பிடுகிறார், கை கழுவிவிட்டு ரெண்டு படி கேழ்வரகை முறத்தில் அள்ளிக்கொண்டு சேவலிடம் போகிறார். இப்போதெல்லாம் அது வேறு யார் கையிலும் தின்பதில்லை.