பர்மிங்ஹாம் வழியாகப் போகாத பேச்சு

1961 செப்டம்பரில் லண்டனுக்குப் புறப்பட்ட பெரில் ரேபோல்டின் பேச்சு, பாதி வழியில் ஸ்மெத்விக் நிலையத்தில் அவளை விட்டு இறங்கி, பஸ் பிடித்து, சாயங்காலத்துக்குள் தனியாக வீடு வந்து சேர்ந்தது. எங்கள் ஊர் க்ராட்லி ஹீத்தில் இதைப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். பெரில் அதைத் தள்ளிவிட்டாள் என்கிறார்கள். அது போதையில் வழி தவறியது என்றுகூட ஓல்ட் ஹில் பக்கம் ஒரு கதை உண்டு. ஓல்ட் ஹில்காரர்கள் அரை மைல் தள்ளி இருக்கிறார்கள், வாயில் கூழாங்கல்லை வைத்துக்கொண்டு பேசுவார்கள், அவர்கள் சொல்வதை யாரும் பொருட்படுத்துவதில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் தள்ளிவிட்டதில்லை.

நடந்தது இதுதான். லண்டனில் ஒரு வானொலி நிலையத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போன பெரிலிடம், வேலை உண்டு, ஆனால் பர்மிங்ஹாம் பேச்சைக் கேட்டால் நேயர்கள் தூங்கிவிடுவார்கள், அதை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்றார்கள். தன் ஊர் பர்மிங்ஹாம் இல்லை, பத்து மைல் இந்தப் பக்கம் என்று அவள் சொன்னாள். பர்மிங்ஹாம்காரர்கள் இப்படித்தான் பிடிவாதம் பிடிப்பார்கள் என்று சொல்லிச் சிரித்தார்கள். அந்த அவமானத்தை அவள் விழுங்கிக்கொண்டாள், பேச்சு விழுங்கவில்லை. வேலையில் சேரப் போகும் ரயில் பர்மிங்ஹாமில் நிற்கும் என்று தெரிந்ததும் முந்தைய நிலையத்திலேயே இறங்கிவிட்டது.

அவள் அப்பா எஸ்ரா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. திறந்தால் ஆள் இல்லை.

"தள்ளும், குளுருது" என்றது பேச்சு.

"பெரிலு எங்கட்டி?"

"அவ போயிட்டா. பர்மிங்ஹாமுக்கு நான் வரமாட்டேன்னுட்டேன்."

"அது நியாயந்தான்" என்று எஸ்ரா அடுப்புப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து அது அந்த நாற்காலிக்காரி. பன்றி இறைச்சியோடு வேகவைத்த பட்டாணியின் ஆவியைக் குடித்தே அதற்கு வயிறு நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் பெண்களின் கீழ்க்கட்டையில் பாடியது. பாட்டு நடத்துகிறவர் அதை வருகைப் பதிவில் சேர்த்துக்கொண்டார். பெரிலின் சிரிப்பும் அதோடுதான் வந்திருந்தது. போதகர் தடுமாறும் இடங்களில் அந்தச் சிரிப்பு கேட்கும். லண்டனில் பெரில் வானிலை அறிக்கை வாசித்துப் பேர் வாங்கினாள், ஆனால் புன்னகைக்கு மேல் அவளால் போக முடியவில்லை. வாரம் ஒருமுறை வீட்டுக்குத் தொலைபேசினாள். அம்மா கெசையா, எங்கள் பக்கத்து எல்லாப் பெண்களையும் போல, தொலைபேசியை எடுத்தால் ஒரு துரைசாணிக் குரலை வைத்துக்கொள்கிறவள். ஆகவே இரண்டு நாகரிகமான சீமாட்டிகள் ஒருவரையொருவர் நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடுவார்கள்.

"கவர்மெண்டு ஆபீஸ்லேந்து ஒரு பொம்பள வாராவாரம் போன் பண்ணுதா" என்று எஸ்ரா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் வருடம் பெரிலுக்கு ரூபர்ட் தோர்ன்பரோ என்ற நல்ல பையன் அமைந்தான். தன் வீட்டார் வூஸ்டர்ஷயரில் பண்ணை வைத்திருப்பதாக அவன் அம்மாவிடம் அவள் சொல்லிவைத்திருந்தாள். இதை எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் சொன்னாள். அந்த அம்மாள் பெண் வீட்டைப் பார்க்க வரப்போவதாக எழுதியதும் பெரில் தொலைபேசினாள்.

"அம்மா, அன்று ஒரு நாள் மட்டும் அந்தக் குரலைக் கரிக்கொட்டகையில் வைத்துவிட முடியுமா? என் கல்யாணமே இதில்தான் இருக்கிறது."

எஸ்ரா தொலைபேசியை வாங்கினார். "இந்தா பாரும்மா, நீ யாருன்னு எனக்குத் தெரியாது. ரேபோல்ட் வீட்டுல விருந்தாளி வந்தா வீட்டுப் புள்ளயக் கரிக்குள்ள அடைக்க மாட்டோம்."

சமாதானம் செய்தது பேச்சுதான். கரிக்கொட்டகைக்குப் போகாது, ஆனால் அவர்கள் இருக்கும்வரை வாயைத் திறக்காது என்று வாக்குக் கொடுத்தது.

ரூபர்ட்டும் அவன் அம்மாவும் பெரிலோடு வந்தார்கள். கெசையா நல்ல கோப்பைகளை எடுத்தாள். பேச்சு தன் நாற்காலியில் அசையாமல் இருந்தது. எஸ்ரா மகளை ஏற இறங்கப் பார்த்தார், மேடம் என்று கூப்பிட்டார். பண்ணை ஊருக்கு வெளியே இருக்கிறது என்று பெரில் சமாளித்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. பட்டாணியை இரண்டாம் கரண்டி வாங்கிக்கொண்ட திருமதி தோர்ன்பரோ, பாராட்டாகவே, "பர்மிங்ஹாம்காரர்களுக்குப் பேச்சுதான் மட்டம். சமையல் குறைசொல்ல முடியாது" என்றாள்.

நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. அவ்வளவுதான். கொடுத்த வாக்கை அது காப்பாற்றியது.

பெரில் எழுந்தாள். "தாங்கள் சற்றுத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்" என்றாள். அது யாரையும் எட்டவில்லை. லண்டன் குரலில் கோபத்துக்கு இடம் வைத்துத் தைக்கவில்லை. இன்னொருமுறை முயன்றாள், "மன்னிக்கவும்" என்று வந்தது. அப்பாவைப் பார்த்தாள். அவர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். பிறகு வெறும் நாற்காலியின் பக்கம் திரும்பி மெல்லக் கேட்டாள்: "வருகிறாயா?"

"கூப்பிட்டாத்தான வர முடியும்" என்றது அது. வந்தது.

"பர்மிங்ஹாமா? யாரப் பாத்து பர்மிங்ஹாம்னு சொல்லுதிய? எங்க தாத்தா அடிச்ச நங்கூரச் சங்கிலியிலதான் ஊர்ப்பட்ட கப்பல் நிக்கி. பண்ணையுமில்ல, மாடுமில்ல, நான் சொன்னது பொய்யி. இன்னொருக்க பர்மிங்ஹாம்னிய, அந்தப் பட்டாணியத் தட்டோட புடுங்கிருவேன்."

தட்டைப் புடுங்கும் காட்சி அவளுக்கே கண்முன் வந்திருக்க வேண்டும், சிரித்துவிட்டாள். அலமாரிக் கண்ணாடிகள் அதிர்ந்தன. எஸ்ரா கத்தியைக் கீழே வைத்து, "வந்துட்டியாட்டி" என்றார்.

ரூபர்ட் அந்தச் சிரிப்பை அதுவரை கேட்டதில்லை. "இதை இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தாய்?" என்றான்.

"அந்த நாற்காலியிலதான். இன்னைக்கிக் கரிக்கொட்டில்ல போடச் சொல்லியிருந்தேன்."

திருமதி தோர்ன்பரோ தட்டைத் தன் பக்கம் சற்று இழுத்து வைத்துக்கொண்டு, பர்மிங்ஹாம் இல்லையென்றால் இல்லை என்று ஒப்புக்கொண்டாள். கல்யாணம் மே மாதம், எங்கள் ஜெபக்கூடத்தில் நடந்தது. வானொலிக்காரர்கள் பெரிலை வானிலையிலிருந்து எடுத்து மாட்டுச் சந்தை நிலவரத்துக்குப் போட்டார்கள்; அந்தக் குரலில் மழை வரும் என்றால் யாரும் குடை எடுக்கவில்லையாம், கன்றுக்குட்டி விலை சொன்னால் நாடே நம்பியதாம். யாரும் தூங்கவில்லை.

அவள் அவசரத்தில் மறந்துவிட்டுப் போன லண்டன் குரல், கூடத்தில் கோட்டு மாட்டும் கொக்கியில் கொஞ்ச நாள் கிடந்தது. பிறகு தானாகவே தொலைபேசிப் பக்கம் இடம் மாறியது. மணி அடித்தால் அதுவே எடுத்து, "ரேபோல்ட் இல்லம். தாங்கள் யார் என்று தெரிந்துகொள்ளலாமா?" என்கிறது. கெசையா அதற்கும் தேநீர் வைத்தாள். சர்க்கரை வேண்டாம் என்றது. முதலில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதைப்போலவே பேசிக்காட்டிச் சிரித்தார்கள். "அதுவும் பொழைக்க வந்த புள்ளதாம்ல" என்று எஸ்ரா ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டார். அதன்பின் எங்கள் வீட்டில் யாருடைய பேச்சையும் கேலி செய்வதில்லை, ஓல்ட் ஹில்காரர்களுடையதைத் தவிர.