விரல் இல்லாத கையுறை

"சார், இது என்ன, கல்யாணப் பொண்ணுக்கா தச்சீங்க?"

நர்ஸ் கையுறையைத் தூக்கிப் பிடித்தாள். ஐந்து விரல்களும் கச்சிதம். அக்கா தூங்கும்போது திருட்டுத்தனமாக அளவெடுத்துத் தைத்தது. டெய்லர் புத்தி! கை என்றதும் கத்தரி தானாக விரல் விரலாக வெட்டிவிட்டது.

"விரல் இருந்தா மறுபடி குழாயப் பிடுங்கிடுவாங்கல்ல? பை மாதிரி தைங்க. உள்ள பஞ்சு அடைங்க. இல்லன்னா நான் கட்டில் கம்பியிலதான் கட்டணும்."

கட்ட வேண்டாம், நானே தைத்துத் தருகிறேன் என்று கெஞ்சியவன் அவன்தான். அக்காவின் தொண்டையைப் புற்று தின்றுவிட்டது. மூக்கு வழியாக வயிற்றுக்கு இறங்கும் குழாயில்தான் சாப்பாடு. அதை அவள் பிடுங்கிப் பிடுங்கி எறிகிறாள்.

"அவளே வேணாங்கிறாளே, சிஸ்டர்..."

"போன வருஷம்னா கேட்டிருப்போம். இப்ப சட்டம் வந்தாச்சு, எடுத்தா டாக்டருக்கும் எனக்கும் ஜெயில். எனக்கு மட்டும் ஆசையா, சார்?"

போன வருஷம். டெய்லருக்குச் சுருக்கென்றது.

உயிர் காப்புச் சட்டம் வேண்டும் என்று ஊர்வலம் போனார்களே, அத்தனை கொடியும் அவன் மிஷினில் ஓடியதுதான். கூலிகூட வாங்கவில்லை. கடவுள் கொடுத்த உயிரை மனுஷன் விடக்கூடாது என்பது அவன் நம்பிக்கை. இன்றைக்கும் அதுதான். அப்போது அக்காவுக்குக் குரல் இருந்தது. கடை வாசலில் நின்று கொடிகளைப் பார்த்துச் சிரித்தாள்.

"உன் சாவ நீ எப்படி வேணா வச்சுக்கடா. என் சாவுக்கு ஏன்டா கொடி தைக்கிற?"

"இது உனக்கில்லக்கா. எங்கேயோ பெத்தவங்களப் பட்டினி போடுறானுங்கள்ல, அவனுங்களுக்கு."

எங்கேயோ!

நேற்று ஊர்வலத் தலைவரைப் போய்ப் பார்த்தான். அவர் தோளில் கை போட்டு அன்பாகத்தான் சொன்னார். "உங்க அக்காவுக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்ல தம்பி? நீங்களே இப்படிப் பேசலாமா?" அவன் பேசிய பேச்சையே அவனுக்குத் திருப்பித் தந்தார்.

கடைக்குப் போய் வேறு தைத்துக்கொண்டு வந்தான். இரண்டு உருண்டைப் பைகள். அக்கா அவற்றைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். கையை அவளே நீட்டினாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. முடிச்சுப் போட நர்ஸ்தான் வரவேண்டியிருந்தது.

நர்ஸ் போன பிறகு அக்கா வலது கையை முகத்துக்குக் கொண்டுபோனாள். பஞ்சு உருண்டை மூக்கில் மோதி வழுக்கியது. மறுபடியும் மோதியது.

"அரிக்குதாக்கா? எங்க?"

பிளாஸ்திரி ஓரமாகச் சொறிந்துவிட்டான். இல்லை என்று தலை அசைந்தது. நெற்றியில் சொறிந்தான். இல்லை. காதோரம். இல்லை.

"காட்டுக்கா. எங்கன்னு காட்டு."

அவள் காட்டினாள். அந்த வெள்ளை உருண்டை அவன் முகத்துக்கு நேராக எழும்பி, எந்தப் பக்கமும் சுட்டாமல், அந்தரத்தில் நின்றது.