கசப்புதான் முதலில்

அந்தமானின் மாயாபந்தரில் ஜம்புலிங்கத்தைப் போல எதையும் துருவித் துருவிக் கேட்கிற கடைக்காரர் கிடையாது. அப்பேர்ப்பட்டவருக்கே ஒரு விஷயம் பிடிபடவில்லை. போன அறுவடையில் நெல் பேச வந்த நிபாரன் மண்டல், இவர் வீட்டு விருந்தில் குனிந்த தலை நிமிராமல் அள்ளிப் போட்டுக்கொண்டு, கைகழுவிய ஈரம் காயுமுன் கிளம்பிவிட்டார். நெல்லை வேறு கடைக்குக் கொடுத்தார். ஏன்?

இந்த வருஷமும் அந்த நெல் கிடைக்காவிட்டால் கதை கந்தல்தான். மெயின்லேண்டிலிருந்து அரிசிக் கப்பல் வருகிற வழியாகக் காணோம். மரம் வெட்டும் கூலிகளுக்கு அரிசி போடுகிற காண்ட்ராக்ட் கைநழுவிப் போய்விடும். நல்லவேளை, நிபாரனே ஆள் அனுப்பியிருந்தார்: வீட்டுக்கு வாங்க, சாப்பிட்டுப் பேசுவோம்.

"பசியில பறக்காதீங்க. எல்லாம் பரிமாறி முடிச்சப்புறம் கைய வைங்க" என்று சொல்லித்தான் விசாலாட்சி புருஷனை அனுப்பினாள்.

கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்து, காட்டைத் திருத்தி வயலாக்கிய குடும்பம் நிபாரனுடையது. ஜம்புலிங்கத்தைப் பாயில் உட்காரவைத்து வெண்கலத் தட்டு வைத்தார்கள். கொஞ்சம் சோறு. ஓரத்தில் கத்திரிக்காயோடு வறுத்த வேப்பிலை. அவ்வளவுதான்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. விருந்தாளிக்கு வேப்பிலையா? நம்மை என்ன, பேய் பிடித்தவன் என்று நினைத்தார்களா? சரி, மிச்சமும் வரட்டும் என்று கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எதிரே நிபாரன் விசிறிக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் அவர் மனைவி நின்றாள். அடுப்படியிலிருந்து மீன் வாசனை மூக்கைத் துளைத்தது, மீனைத்தான் காணோம். இவர் அவரைப் பார்க்க, அவர் இவரைப் பார்க்க, சோறு ஆறிக்கொண்டிருந்தது.

விசிறி நின்றது. நிபாரனின் முகம் சுண்டிப்போயிருந்தது. இருவருக்கும் பொதுவான தீவு இந்தியில் கேட்டார்: "க்யா ஜம்பு பாய், அகதி வீட்டுச் சோறு தொண்டையில இறங்காதா?"

"அட கடவுளே! நஹி தாதா, நஹி!" வங்காளிகளுக்கு தாதா என்றால் அண்ணன். "மத்ததெல்லாம் வரட்டும்னுதானே உட்கார்ந்திருக்கேன்!"

"கசப்ப முடிச்சாத்தானே பருப்பு வரும்? பருப்புக்கு அப்புறம் மீன். கடைசியில புளிப்பு."

"ஒவ்வொண்ணாவா? எல்லாத்தையும் ஒண்ணா வச்சா என்னவாம்?"

"சட்டுனு தின்னுட்டு இடத்தக் காலி பண்ணுன்னு அர்த்தம்."

"தாதா, அப்போ போன வருஷம் எங்க வீட்டுல..."

"ஒரே நேரத்துல இலை நெறைய வச்சீங்க" என்றார் நிபாரன், தரையைப் பார்த்துக்கொண்டு. "விரட்டுறீங்கன்னு நெனச்சேன்."

"ஐயையோ! எங்க ஊர்ல இலை நெறைஞ்சாத்தான் மரியாதையே!"

நிபாரன் சிரித்தார் பாருங்கள், கதவுக்குப் பின்னாலும் அந்தச் சிரிப்பு தொற்றிக்கொண்டது. ஜம்புலிங்கம் வேப்பிலையை வாயில் போட்டார். நல்ல கசப்பு. கசப்பு ஏன் முதலில், புளிப்பு ஏன் கடைசியில் என்று கேட்டுக்கேட்டே சாப்பிட்டார். புளிப்பு வருவதற்குள் நெல் பேசி முடிந்துவிட்டது.

திரும்பும் வழியில்தான் மனசு உறுத்தியது. போன வருஷம் வியாபாரம் போன ஆத்திரத்தில், சாம்பாரில் உப்புக் கரித்ததுதான் காரணம் என்று விசாலாட்சியைக் காய்ச்சி எடுத்திருந்தார். அதற்கப்புறம் அவள் யாருக்கும் விருந்து வைக்கவே இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் குழைந்தார். "நெல்லு நமக்குத்தான்டி. உன் சமையல்ல ஒரு குத்தமும் இல்லையாம். நிபாரனே சொல்லிட்டாரு."

விசாலாட்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"அத அவரு சொல்லித்தான் தெரியணுமா? அன்னைக்கு நீங்களும்தானே பக்கத்து இலையில உட்கார்ந்து சாப்பிட்டீங்க?"