வலப்பக்க இருக்கை

பலராமனின் சொல்லுக்கு லாஸ்பேட்டை விமானக் கொட்டகையில் விலை வைத்திருந்தார்கள்: ஒரு டீ, ஒரு மசால்வடை. அவர் சொல்லும் கோளாறு விமானத்தில் இருந்தால் ஜலால் வாங்கித் தர வேண்டும், இல்லையென்றால் பலராமன். பொங்கலிலிருந்து பலராமன்தான் வாங்கிக்கொண்டிருந்தார்.

அவர் அங்கே பையன்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்து உடம்பு. அவர் ஏறினால் இரண்டு பேர் உட்காரும் அந்தச் சின்ன விமானம் ஒரு பக்கம் சாய்ந்து வணக்கம் வைக்கும். ஜலால் அதற்கு மின்சார வேலை பார்ப்பவன். பெரிய மார்க்கெட்டில் டார்ச் லைட் விற்ற வாப்பாவின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவன். யார் எதைச் சொன்னாலும் பாதி விலையிலிருந்துதான் நம்பத் தொடங்குவான்.

பலராமன் சொன்னது இதுதான். மேலே போனதும் திடீரென்று அவர் காதிலிருக்கும் ஹெட்போன் செத்துவிடுகிறது. டவரிலிருந்து கூப்பிடுவது அவருக்குக் கேட்பதில்லை. இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் மாணவனுக்கு மட்டும் நன்றாகக் கேட்கிறது. கொஞ்ச நேரத்தில் தானாக உயிர் வந்துவிடுகிறது. இறங்கி வந்து ஜலாலைக் கூப்பிடுவார். ஜலால் அதே வலப்பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டி, ஒயர்களை இழுத்து ஆட்டிப் பார்ப்பான். ரேடியோ கணீரென்று பேசும். கடன் வாங்கியவனைத் தேடிப் போனால் வீடு பூட்டியிருக்கும். திரும்பி வரும் வழியில் பார்த்தால் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பான். அந்த ரகக் கோளாறு. ஹெட்போனை மாற்றினான், அது சொருகும் இடத்தை மாற்றினான். மேலே போனால் மறுபடியும் அதே கதை.

விமானப் பயிற்சிப் பள்ளியின் தலைவர் பிரேம்குமாருக்கு இதில் குழப்பமே இல்லை. ஒரே ரேடியோ, இரண்டு பேர். ஒருத்தருக்குக் கேட்டு ஒருத்தருக்குக் கேட்கவில்லையென்றால் கோளாறு காதில். காது டாக்டரிடம் அனுப்பினார். காது சுத்தம் என்று சீட்டு வந்தது. அப்படியானால் மனசில் என்றார். ஆடி மாதம் அவரே பலராமனுடன் ஏறி நாலு தடவை சுற்றி வந்தார். ஹெட்போன் ஒரு விக்கல்கூட விக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அதற்கு முந்தைய சில வாரங்களாகவே கோளாறு வரவில்லை. நான் கண்டித்த பிறகு விமானம் திருந்திவிட்டதாக்கும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். திங்கள்கிழமை முதல் பலராமன் வகுப்பறையில் பாடம் நடத்தினால் போதும். மேலிடத்துக்கும் எழுதப்போவதாகச் சொன்னார். எழுதினால் லைசென்ஸ் போய்விடும். இருந்த நிலத்தை விற்று வாங்கிய லைசென்ஸ்.

பலராமன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஜலாலுக்கு அதுதான் தைத்தது. டீக்கடையில் வழக்கம்போல வாங்கித் தந்தார், தனக்கு எதுவும் சொல்லாமல். பசி இல்லையாம். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"பாய், எனக்கே சந்தேகமா இருக்குது. நெஜமாவே கேக்காம போச்சா, இல்ல நானா நெனச்சிக்கினேனா?"

ஜலாலிடம் எப்போதும் ஒரு கிண்டல் தயாராக இருக்கும். அன்றைக்குக் கிண்டலுக்குப் பதில் தன் வடையில் பாதியைப் பிய்த்து அவர் பக்கம் நகர்த்தினான்.

காய்ச்சல் தானாகப் போகும். அறுந்த ஒயர் தானாக ஒட்டிக்கொண்டதை ஜலால் பார்த்ததில்லை. விமானத்தில் எதுவும் மாறவில்லை, அது நிச்சயம். அப்படியென்றால் மேலே இருக்கும்போதும் கொட்டகையில் நிற்கும்போதும் என்ன வித்தியாசம்? ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத கொட்டகையில் அந்த இருக்கையில் உட்கார்ந்து யோசித்தவன், குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டான். கருவாட்டுக்குச் சட்டை போட்ட மாதிரி ஓர் உடம்பு. இத்தனை மாதமும் யானை உட்கார்ந்து கெட்டதைப் பூனை உட்கார்ந்து சோதித்திருக்கிறது.

காற்றில் விமானம் நகராமல் இருக்கக் கட்டிவைக்கும் மணல் மூட்டைகள் ஓரத்தில் கிடந்தன. ஒவ்வொன்றும் பத்துக் கிலோ. பலராமன் பறக்கும் முன்பெல்லாம் தன் எடையைத் தொண்ணூற்றெட்டு என்றுதான் எழுதுவார். ஜலால் பத்து மூட்டையை இருக்கையில் அடுக்கினான். ரேடியோவைப் போட்டு, ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு, இறக்கையைப் பிடித்துக் குலுக்கினான். ஹெட்போன் செத்தது. குலுக்கலை நிறுத்தினான், உயிர் வந்தது. டார்ச்சை அடித்து அடியில் பார்த்தான். இருக்கையின் சட்டம் தாழ்ந்து ஓர் ஒயர்மேல் உட்கார்ந்திருந்தது. ஒயரைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய கிளிப் எப்போதோ கழன்று விழுந்திருந்தது. மேல்தோல் தேய்ந்து, உள்ளே கம்பி பாதி அறுந்து கிடந்தது.

சந்தோஷம் தாங்காமல் இரண்டு பேருக்கும் போன் போட்டான். பிரேம்குமார் காரில் வந்தார், பலராமன் உழவர்கரையிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். கேப்டன் குற்றவாளி இல்லை, கேப்டனின் பின்புறம்தான் குற்றவாளி என்று ஜலால் அறிவித்தபோது, பல மாதத்துக்குப் பிறகு பலராமன் வாய்விட்டுச் சிரித்தார். மூட்டைகளை இறக்கச் சொல்லி, நானே உட்கார்ந்து காட்டுகிறேன் என்று ஏறினார்.

ஜலால் இறக்கையைக் குலுக்கினான்.

"கேக்குதே பாய்."

இன்னும் பலமாகக் குலுக்கினான். கேட்டது. பிரேம்குமார் வாயோரம் பழைய சிரிப்பு எட்டிப்பார்த்தது. ஜலாலுக்குப் புரியவில்லை. ஒரு மூட்டையைத் தூக்கிப் பலராமன் மடியில் வைத்துக் குலுக்கினான். கேட்டது. இரண்டாவது மூட்டையை வைத்தான்.

பலராமன் ஹெட்போனைத் தட்டிப் பார்த்தார். "போயிடுச்சி."

பிள்ளையை மடியில் வைத்திருப்பதுபோல் அவர் இரண்டு மூட்டைகளையும் அணைத்துப் பிடித்திருந்தார். அப்போதுதான் ஜலால் அவரை முழுசாகப் பார்த்தான். மூட்டையின் வாயைக் கட்டிய மாதிரி இடுப்பில் பேன்ட் சுருங்கி நின்றது.

"கேப்டன், கடைசியா எப்போ எடை பாத்தீங்க?"

"அதான் எழுதறேனே. தொண்ணூத்தெட்டு."

"எழுதறது சரி. மெஷின்ல ஏறி நின்னது எப்போ?"

அவர் யோசித்தார். "ராத்திரி சோத்த உட்டுட்டேன் பாய். ரெண்டு சப்பாத்திதான்."

"ரெண்டு சப்பாத்திக்கு இருவது கிலோவா?"

பிரேம்குமாரின் சிரிப்பு எப்போது போனதென்று தெரியவில்லை. அவர் குரலே மாறியிருந்தது. நாளைக்கே டாக்டரைப் பாருங்கள், வேண்டுமானால் நானே அழைத்துப் போகிறேன் என்றார். பலராமன் அதைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. ஜலாலைத்தான் பார்த்தார்.

"அப்போ என் காது சரியாதான் இருந்துச்சி."

"சரியாதான் இருந்துச்சி, கேப்டன்."

"அது போதும் பாய்" என்றார். மூட்டைகளை இறக்கிக்கொள்ளச் சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை.

சர்க்கரையாக இருக்கட்டும் என்று ஜலால் ஆண்டவனிடம் பேரம் பேசிப் பார்த்தான். அந்தக் கடையில் பேரம் கிடையாது. கணையத்தில் கட்டி என்றார்கள், முற்றிவிட்டது என்றார்கள். மாப்பிள்ளை மாதிரி இளைத்துவிட்டீர்கள் என்று கேலி செய்து, இரண்டு முறை தையல்காரரிடம் பேன்ட்டைப் பிடிக்கக் கொடுத்தது தான்தான் என்று அவர் மனைவி நிர்மலாதேவி ஜலாலிடம் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. கோளாறு விமானத்தில்தான், பலராமன்மேல் ஒரு குறையும் இல்லை என்று பிரேம்குமார் எழுதிக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். அதே வாரம் உடல் தகுதி இல்லையென்று லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள்.

ஜலால் அந்த ஒயரைச் சரிசெய்துவிட்டான். ஒரு முழம் ஒயர், ஒரு கிளிப், அரை மணி நேர வேலை. விமானம் அதன் பிறகு ஒரு நாளும் தொல்லை தரவில்லை.

கார்த்திகை மழையில் பலராமன் போனார். பாடையைத் தூக்கிய நாலு பேரில் ஜலாலும் ஒருவன். வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தும், மார்க்கெட்டில் வளர்ந்த தோள் தன் வேலையைப் பார்த்தது. தன் மேல் இறங்கியதை நாலால் பெருக்கியது. மூங்கிலுக்கும் மழையில் நனைந்த மாலைகளுக்கும் கழித்தது. நின்றது ஐம்பது. தொண்ணூற்றெட்டுக்கு நாற்பத்தெட்டு குறைவு.