நீர் குடியாப் படகு

ஏரியின் வடகரையிலிருந்து மேட்டுநிலம் நோக்கி ஏறிச் செல்லும் அத்தெருவில், ஞாயிறு மேற்கே சாய்ந்து ஓட்டுக்கூரைகளின் மேல் செம்பொன் பூசும் மாலைப்பொழுதில், வேலை முடிந்து வீடு திரும்புவோரின் காலடியோசையும், கதவுகள் திறந்து மூடும் ஓசையும், குழாயடியில் எவரோ கலம் கழுவும் ஓசையும் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்து அடங்க, அவற்றுள் எதனோடும் சேராத ஓர் ஒலி மட்டும் தெருக்கோடி வீட்டின் வண்டிக்கொட்டகையிலிருந்து ஓயாது வந்துகொண்டிருந்தது. மரத்தின்மேல் உப்புத்தாள் தேய்க்கும் ஒலி அது. தெருவினர் தொடக்கத்தில் முகம் சுளித்தனர், பிறகு பழகிக்கொண்டனர், பின்னர், அது ஒருநாள் கேட்காவிட்டால் வீட்டில் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்க்கவும் செய்தனர்.

படிப்பவரே, தலையைச் சற்றே தாழ்த்தி உள்ளே வருக. உத்தரத்தில் தொங்கும் கயிற்றுச்சுருள் நெற்றியில் இடிக்கும். மகிழுந்து நிற்கவேண்டிய அவ்விடத்தைச் செந்நிறப் பலகைகளாலான பழைய விசைப்படகொன்று முழுவதுமாய் அடைத்துக்கொண்டு, தாங்குகட்டைகளின் மேல் கவிழ்ந்து கிடக்கிறது. அதனருகே முழங்காலுக்கு ஒரு பழந்தலையணையை இட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பலகையும் பலகையும் சேரும் இடுக்குகளைக் கூரிய சிறுகொக்கியால் சுரண்டிக்கொண்டிருப்பவர் இவ்வீட்டின் தலைவர். ஊரார் பற்களைப் பழுதுபார்த்தே தலைநரைத்து ஓய்ந்த பல்மருத்துவர். அந்தக் கொக்கியும் பல் சுரண்டிய கொக்கிதான். மகிழுந்தோ வெயிலில் காய்ந்தும் மழையில் நனைந்தும் தெருவில் நிற்கிறது.

படகு அவர் தந்தையினுடையது. தந்தை மறைந்த மறுநாள், உற்றாரும் உறவினரும் நிறைந்திருந்த கூடத்தில், மருத்துவரின் தம்பி கேட்டது அந்த ஒன்றை மட்டுமே.

"அண்ணா, எனக்கு வேற எதுவும் வேண்டாம். படகை மட்டும் நான் எடுத்துக்கட்டுமா?"

"எந்த வேலையையாவது உருப்படியா முடிச்சிருக்கியா நீ? உன் கையில குடுத்தா ஒரே வருஷத்துல விறகாக்கிடுவ."

கூடத்தில் இரண்டொருவர் சிரித்தனர். வேலைகள் பல மாறிப் பள்ளிப்பேருந்து ஓட்டுநராய் அப்போதுதான் நிலைகொண்டிருந்த தம்பி, கையிலிருந்த குவளை நீரை முழுவதும் குடித்து, குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான். அதன்பின் திருமண வீடுகளில் வேறு வரிசையில் அமர்ந்தான். 'நீ' என்று அழைத்தவன் 'நீங்க' என்று அழைக்கலானான். மருத்துவரோ படகின்மேல் தார்ப்பாயைப் போர்த்தித் தகரக் கூரையின் கீழ்க் கிடத்தினார். தாமும் ஓட்டவில்லை, கேட்டவனுக்கும் கொடுக்கவில்லை. கோடைதோறும் அந்தக் கூரை அடுப்பாய்க் காய்ந்து பலகைகளின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சியெடுக்க, ஒட்டியிருந்த பலகைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, இடையே கத்திமுனை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டன.

இங்ஙனம் ஆண்டுகள் பல கழிந்தபின், தம்பி பணி ஓய்வு பெற்றதும் கடல்கடந்து மகள் வீட்டுக்கே குடிபோகிறான், இனித் திரும்பான் என்னும் செய்தி வந்தது. ஓய்வுக்கு இன்னும் இரண்டாண்டு இருந்தது. செய்தி கேட்ட அன்றே மருத்துவர் தார்ப்பாயை விலக்கினார். தந்தை காலத்தில் இருந்தவாறே படகைப் புதுக்கி, தம்பியை அழைத்துச் சுக்கான்சக்கரத்தின் முன் அமர்த்திவிட்டால், அன்று கூடத்தில் சொன்ன சொல், மன்னிப்பென்று ஒன்று கேளாமலே திரும்பிவிடும் என்று அவர் நம்பினார். அவன் போகுமுன் அவனுடைய பழைய 'நீ' தமக்கு மீண்டும் கிடைக்கவேண்டும், வேண்டியது அவ்வளவே. சொல்லால் வந்த வினையைச் சொல்லால் தீர்ப்பது நொடிப்பொழுதின் வேலை. அதற்கு மனம் வராதவர் ஈராண்டு உழைப்பைத் தலைமேல் ஏற்றுக்கொண்டார்! மானமுள்ள மனிதருக்கு முதுகு வளைவது எளிது, நாக்கு வளைவதுதான் அரிது போலும்.

அவர் மனைவி இதை அறியாதவர் அல்லர். ஒருநாள் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தவர், வாயிற்படியில் நின்றவாறே சொன்னார்:

"ஊர்ல இருக்கிற அத்தனை பேரையும் வாயைத் திற, வாயைத் திறன்னீங்க. உங்க வாய் மட்டும் உங்க தம்பிகிட்ட திறக்க மாட்டேங்குது. ஒரு போன் போடுங்களேன். அவரும் வந்து கூட நின்னு செய்யட்டும்."

"முடிச்சிட்டுக் கூப்பிடலாம். அரைகுறையா கிடக்கிறத அவன் பார்க்கக்கூடாது."

முடித்துத்தான் கூப்பிட்டார், அதையும் கேளுங்கள். பழைய மெருகைச் சுரண்டி, துருவேறிய திருகாணிகளைக் களைந்து பித்தளையில் புதியன முறுக்கி, பொறியைப் பிரித்துப் பூட்டி, இருக்கைகளுக்குத் தோல் தைத்து, எல்லாவற்றையும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் செய்தவர், இடுக்குகளின் முறை வந்தபோது, நாற்பதாண்டு பழகிய கை எதைச் செய்யுமோ அதையே செய்தார். ஓட்டையென்றால் அடைப்பது, அடைத்தால் இறுகுவது, இறுகினால் கல்லாவது என்பதே அவர் கற்ற கல்வி. ஆகவே இரண்டு பசைகளைக் குழைத்தால் பாறைபோல் இறுகும் கலவையை ஒவ்வோர் இடுக்கிலும் ஊசிக்குழலால் செலுத்தி, அழுத்தி, வழித்து, மெருகேற்றினார். விரலோட்டிப் பார்த்தால் இடுக்கு எதுவெனத் தெரியாது.

ஆனால் மரம் பல்லன்று. நீரில் கிடந்த மரம் நீர் குடிக்கும்; குடித்தது பருக்கும்; பருத்த பலகை பக்கத்துப் பலகையை நெருங்கி, இடுக்கைத் தானே மூடிக்கொள்ளும். இதை அறிந்தே அவர் தந்தை, ஆண்டுதோறும் ஓட்டம் தொடங்குமுன், படகைக் கரையோர ஆழமற்ற நீரில் கல்லேற்றி அமிழ்த்தி, சில நாள் அப்படியே விட்டுவைப்பார். உடன்நின்று கல் சுமந்தவன் இளையவன். மூத்தவரோ விடுதிப் பள்ளியில் பயின்று விடுமுறைக்கு மட்டும் வந்தவர். அவர் வருகையில் படகு பளபளவென்று துறையில் நிற்கும். தம் தந்தையின் படகு ஒருபோதும் ஒழுகியதில்லை என்றே அவர் வாழ்நாள் முழுவதும் எண்ணியிருந்தார்.

தம்பி புறப்படும் மாதமும் வந்தது. படகு ஏரியில் இறங்கிற்று. ஒரு சொட்டு நீரும் உள்ளே வரவில்லை. மருத்துவர் துறையில் நின்று, அடிப்பலகையைக் கைக்குட்டையால் ஒற்றி ஒற்றி மனைவியிடம் காட்டினார். "பார்த்தியா? காஞ்சு கிடக்கு! அவனைக் கூப்பிடு" என்றார். தாமே அழைக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர். அழைத்தவர் மனைவியே. தம்பி வரும்வரை ஒரு வாரம் படகு துறையிலேயே மிதந்தது. அந்நாட்களில் மாலைதோறும் சென்றவருக்கு உள்ளிருந்து மெல்லிய முனகல் ஒன்று கேட்டது. கட்டிய கயிறு உரசுகிறதென்று எண்ணிக் கயிற்றைத் தளர்த்திக் கட்டினார்.

தம்பி வந்தான். நரைத்திருந்தான்; வந்தவன் படகின் முகப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினான்.

"ரொம்ப அழகா செஞ்சிருக்கீங்க அண்ணா."

"உட்காரு. நீயே ஓட்டு."

ஓட்டினான். பொறி உறுமிற்று; முகப்பு எழுந்தது; நீர் இருபுறமும் வெள்ளையாய்ப் பிளந்தது. தம்பியின் முகத்தில் பதினைந்து வயதுச் சிரிப்பு ஒன்று வந்துநின்றதைப் பக்கத்திலிருந்தவர் கண்டார். இந்த நொடிக்காகவே ஈராண்டும் என்று அவர் கண்கள் நிறைந்தன. அப்போதுதான் அவர்கள் காலடியில், உலர்ந்த கிளை முறிவதுபோல் ஓர் ஓசை எழுந்தது, உடனே மற்றொன்று. பருத்த பலகைகளுக்கு நகர இடமில்லை. இடுக்கில் கல்லாய் இறுகிய கலவையோ வழிவிடவில்லை. ஒரு வாரமாய் நெருக்குண்டு நெருக்குண்டு முனகிய மரம், பலகைகளைப் பிணைத்த விலாக்கட்டைகளைத் தானே முறித்துக்கொண்டு அடிப்பலகையைத் தூக்கிற்று. நீர் கணுக்காலுக்கு வந்தது.

தம்பி பதறவில்லை. வேகத்தைத் தணித்துக் கரைநோக்கித் திருப்பிவிட்டு, ஒரு கையால் நீருக்குள் துழாவி இடுக்கைத் தடவினான்.

"இதை எதால அண்ணா அடைச்சே?"

அண்ணன் சொன்னார்.

"ஐயோ... அப்பா வருஷா வருஷம் தண்ணியில முக்கி வைப்பாரே. குடிக்கட்டும்டா, தாகம் தீர்ந்தா தானே வாயை மூடிக்கும்னு சொல்வாரே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா நீ? ஒரே ஒரு போன்! நான் ஓடி வந்திருப்பேனே."

அந்த 'நீ' வந்துவிட்டது. ஆண்டுகள் பல காத்துக்கிடந்தது அதற்குத்தான். மன்னித்துவிடு என்னும் சொல் மருத்துவரின் தொண்டைவரை வந்ததும் உண்மை. தம்பி திரும்பி அவர் முகத்தையே பார்த்தான். படகு கரையோரச் சேற்றில் தட்டி நிற்கும்வரை பார்த்தான். முழங்காலளவு நீரில், தோல் தைத்த புதிய இருக்கையில் அமர்ந்தவாறு, அவர் வாய் திறந்து சொன்னது இதுதான்:

"அந்தக் கலவையை விக்கிறவன் ஏமாத்திட்டான். அடுத்த முறை சரியா பண்ணிடறேன்."

தம்பி பார்வையை விலக்கிக்கொண்டான். விறகு என்னும் சொல் அவன் வாயில் வரும், வரட்டும் என்று மருத்துவர் காத்திருந்தார். வந்திருந்தால் நெஞ்சு ஆறியிருக்கும். அவன் அதைச் சொல்லவில்லை. இறங்கி, கைகொடுத்து அண்ணனை இறக்கி, கால்சட்டையைப் பிழிந்துவிட்டான்.

"அண்ணிகிட்ட சொல்லிட்டுக் கிளம்பறேன். உடம்பைப் பார்த்துக்குங்க அண்ணா."

இப்போது படகு மீண்டும் கொட்டகையில் கிடக்கிறது. உப்புத்தாள் ஒலி கேட்பதில்லை. எட்டிப் பார்ப்போரும் இல்லை. அதைக் கரையேற்றிக் கொணர்ந்த நாளில், எதிர்வீட்டுக்காரர் ஒன்றும் அறியாதவராய், "குளிருக்கு விறகாச்சு டாக்டர்!" என்று சிரித்துக்கொண்டே கைதட்டினார். மருத்துவர் அவரை ஏறிட்டுப் பார்த்து, தலையசைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். 

படிப்பவரே, கடலுக்கு அப்பால் ஒருவன் மகள் வீட்டுச் சாளரத்தருகே அமர்ந்திருக்கிறான். அவனுக்கு ஒரு தொலைபேசி எண் உண்டு. அந்த எண் இந்த வீட்டுச் சுவரில் எழுதியும் இருக்கிறது. மாலைதோறும் முதியவர் அதன்முன் சற்று நின்று, படித்து, விளக்கை அணைத்துவிட்டுப் போகிறார். அடைப்பதையே அறிந்த கைக்கு எல்லாம் ஓட்டையாகத் தெரியும். நெருங்கி வருவதற்காக விடப்பட்ட இடம் அதுவென்று, முறிந்தபின்னரே தெரிகிறது. தெரிந்த பின்னும் திறவாத வாய்க்கு எந்த மருத்துவம் செய்வது?