ஜெயந்தினிக்கு ஈடாக வந்த டிவி

ஊசிப்பாறைத் தேயிலைத் தோட்டத்து வரிசைவீடுகளில், ஆறாம் லயத்தில், வீரய்யா வீட்டு டிவியில் கொழும்புப் பக்கத்துச் சமையலறை ஒன்றைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. இரண்டாயிரத்துப் பதினேழில், தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அது வந்தது. இருபத்தோரு அங்குலம், பழசு, ஆனால் கீறல் இல்லை. கொண்டுவந்தவன் பிரதாப் என்கிற தரகன். டிவியை இறக்கிய கையோடு, அதே வேனில் வீரய்யாவின் மகள் ஜெயந்தினியை, பன்னிரண்டு வயதுப் பிள்ளையை, ஏற்றிக்கொண்டு போனான். கொடுத்து வாங்கினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அந்தத் தோட்டத்தில் அப்படிப் பேசுவதில்லை. பிள்ளை கொழும்பில் நிற்கிறது என்பார்கள். வீட்டில் புதிதாக ஒரு சாமான் இருக்கும், அவ்வளவுதான். பிள்ளை போகிற வீட்டம்மா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவார், பின்னேரம் கைவேலை கொஞ்சம் இருக்கும் என்று பிரதாப் சொல்லியிருந்தான். தாய் ஜீவராணி அதை நம்பி, ஆறாம் ஆண்டுப் புத்தகங்களை ஒரு பையில் கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

முதல் நாள் டிவியைப் போட்டதும் பாத்திரம் கழுவும் தொட்டியும், காஸ் அடுப்பும், வெங்காயம் உரிக்கிற ஜெயந்தினியும் தெரிந்தார்கள். வீரய்யா கூரையில் ஏறி அன்டெனாவை ஹட்டன் பக்கம் திருப்பினான், பிறகு சிவனொளிபாதமலைப் பக்கம் திருப்பினான். வெங்காயம் கூடைக்கூடையாக உரிபட்டதே தவிர வேறொன்றும் மாறவில்லை. ஹட்டனிலிருந்து டிவி திருத்தும் இர்ஷாத் வந்து பின்பலகையைக் கழற்றினான். உள்ளேயிருந்து பாத்திரச் சவர்க்கார வாசம் வந்தது. "இதுல பழுது ஒண்ணுமில்லண்ணே, பாக்குறதுக்குத்தான் ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கு" என்று சொல்லி, பஸ் காசு மட்டும் வாங்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு லயத்துச் சனம் வேலை முடிந்து, சாயத்தண்ணிக் கோப்பையும் கையுமாக வந்து உட்கார்ந்து பார்க்கப் பழகிவிட்டது. அடுத்த காம்பராவில் குடியிருக்கும் காளியாயிக்கு வாய் சும்மா இருக்காது. "இஞ்சி நறுக்குற சீரப் பாரு. என்னாத்தடி வளத்த நீ?" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். ஜீவராணி சிரிப்பதில்லை. அவள் அந்தப் படத்துக்குள் பள்ளிக்கூடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். தினமும் காலை ஏழு மணிக்கு அந்த வீட்டுப் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு போவார்கள், ஜெயந்தினி தண்ணீர்ப் போத்தலை நீட்டுவாள், கதவு சாத்தும். நாலாம் மாதம், அவளுடைய விஞ்ஞானப் புத்தகம் சமையலறை மேசையின் ஆடுகிற காலுக்கு அண்டக்கொடுக்கப் போனது. அன்றைக்கு ஜீவராணி சோறு தின்னவில்லை.

பிரதாப்பின் போன் நம்பர் அதற்கு முன்பே மாறிப்போயிருந்தது. எந்த ஊர், எந்த வீதி என்று கேட்க ஆளில்லை. தினமும் பிள்ளை முகத்தைப் பார்க்கக் கிடைக்கிறதே, அந்தக் கொடுப்பினை எத்தனை பேருக்கு உண்டு என்று வீரய்யா மனசைத் தேற்றிக்கொண்டான். இப்படியே இரண்டு வருஷம் போனது. மூன்றாவது தைப்பொங்கலுக்குப் பின், அந்த வீட்டம்மா கரண்ட் பில் ஒன்றைக் கொண்டுவந்து பிரிட்ஜ் கதவில் ஒட்டினார். ஜீவராணிக்குக் கொழுந்து நிறுக்கிற தராசின் இலக்கம் தெரியும், எழுத்துத் தெரியாது. ஆறாம் லயத்தில் பதினைந்து வயதுக்கு மேலும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெண்பிள்ளை ஒருத்திதான், கிருஷாந்தி. அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து டிவிக்கு முன் உட்காரவைத்தாள். பிள்ளை மூக்கு முட்ட நெருங்கி ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தது. இலக்கம் பதினேழு வந்தது, ஒழுங்கையின் பெயர் வந்தது. "ஜெயந்தினி கொஞ்சம் நகந்தா ஊரு பேரும் தெரியும் அத்தை" என்றது. மறுபக்கத்தில் ஜெயந்தினி, தரை கூட்டுகிற தும்புத்தடியை எடுக்கக் குனிந்தாள். தெஹிவளை.

வீரய்யா தலையைத் தொங்கப்போட்டான். "சாமான வாங்கிட்டு, இப்ப என்னா மூஞ்சியோட போய்க் கேக்கிறது?"

"சாமானோடதான் போறேன்" என்றாள் ஜீவராணி.

கிருஷாந்தி கூட வருகிறேன் என்றதற்கு, நீ ஒருநாளும் பள்ளிக்கூடத்தை விடக்கூடாது என்று அதட்டி, விலாசத்தை மட்டும் தாளில் எழுதி வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலை பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு அவள் போகவில்லை. ஆள் எங்கே என்று கேட்ட மேற்பார்வைக் கண்டாக்கையாவிடம், இன்றைக்கு அவளுக்கு வேறு நிறுவை என்று காளியாயி சொன்னாள். ஜீவராணி டிவியைப் படுதாவில் வைத்து, படம் வெளியே தெரியக் கட்டி, கொழுந்துக் கூடையைப் போடுவதுபோலக் கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டாள். இருபது வருஷம் கொழுந்து சுமந்த கழுத்துக்கு அது பாரமே இல்லை. ரயிலில் கரண்ட் இல்லாமலே டிவி ஓடியது. மூன்றாம் வகுப்புப் பெட்டியே சமையலறையைப் பார்த்துக்கொண்டு வந்தது. கடுகண்ணாவையில், அந்தப் பிள்ளை காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையே என்று ஒரு கிழவர் சிங்களத்தில் முனகினார். கடலை விற்கிறவன் விற்பதை மறந்து கொழும்புக் கோட்டை ஸ்டேஷன் வரைக்கும் வந்துவிட்டான். பதினேழாம் இலக்கத்தின் பின்கதவில் அவளை இறக்கிவிட்ட ஆட்டோக்காரர் பிறகு பல பேரிடம் சொல்லியிருக்கிறார்: ஒரு பொம்பிளை முதுகில் டிவியோடு வாசலில் நின்றாள், அந்த டிவிக்குள்ளும் அதே பொம்பிளை அதே வாசலில் வந்து நின்றாள்.

வீட்டம்மா நல்லவர்போலத்தான் பேசினார். மகளைப்போல வைத்திருப்பதாகவும், பேச்செல்லாம் தரகனோடு முடிந்துவிட்டதாகவும், இந்த வயதுக்கு மேல் படிப்பு ஏறாது என்றும் சொன்னார். ஜீவராணி கயிற்றைத் தலையிலிருந்து கழற்றி டிவியை நிலத்தில் வைத்தாள்.

"கீறல் ஒண்ணுமில்ல நோனா, பாத்து எடுத்துக்குங்க. எம்புள்ளயக் குடுங்க."

அதற்குள் ஜெயந்தினி மேசையைத் தூக்கி, காலுக்குக் கீழேயிருந்த புத்தகத்தை இழுத்துவிட்டாள். மேசை சாய்ந்து ஒரு பீங்கான் உடைந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் உடைந்த சில்லுகளைப் பொறுக்கவில்லை.

பிள்ளையைக் கூட்டிவந்தபின், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அதிபர் யோசித்தார். பதினாலு வயதுப் பிள்ளையைப் பொடிசுகளோடு எப்படி உட்காரவைப்பது என்றார். ஜீவராணி, தரையில் என்றாலும் சரி என்று சொல்லி மூன்று நாள் வாசலை விட்டு நகரவில்லை. நாலாம் நாள் ஏழாம் ஆண்டில் கடைசி வாங்குப் பலகையில் இடம் கிடைத்தது. பொடிசுகள் அவளை "டீச்சர்" என்று கேலி பண்ணின. வெட்கமாக இருக்கிறதா என்று தாய் கேட்டதற்கு, "இருக்கும்மா. இருந்தா என்னா, நாளைக்கும் போவேன்" என்றாள். போனாள், அடுத்த நாளும் போனாள்.

பிறகு மற்ற லயங்களில் பேச்சு எழும்பியது. மூன்றாம் லயத்து நல்லமுத்துவின் வீட்டுப் பிரிட்ஜைத் திறந்தால் ஒரு பிள்ளை விம்முவது கேட்கும்; மோட்டார்க் கோளாறு என்று ஐந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். கிருஷாந்தியும் ஜெயந்தினியும் கொப்பியோடு அதன் முன் உட்கார்ந்து, விம்மலுக்குப் பின்னால் பஸ் கண்டக்டர் கூவுகிற ஊர்ப்பெயர்களை எழுதினார்கள். பிரிட்ஜின் ஒரு முனையை நல்லமுத்துவும் மறுமுனையை வீரய்யாவும் பிடித்தார்கள். இன்னொரு வீட்டிலிருந்து தையல் மெஷின் போனது, இன்னொன்றிலிருந்து கட்டில். வட்டவளை ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவர் முதலில் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். கட்டில் வந்த அன்று நிமிர்ந்தும் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது பிள்ளைக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா என்று மட்டும் கேட்டார்.